பேத்தி அழிக்கும் பொட்டு

வெள்ளி, ஐப்பசி 12. வெள்ளவத்தை.

நாளைக்கு ஓவியக் கண்காட்சியில் பேத்தி 83 கலவரத்தைப் பற்றி ஆடுகிறாள். நடுவில் தன் பொட்டை அழிக்கிறாள். இன்றைய ஒத்திகையில் நடன டீச்சர் அதை வெட்டச் சொன்னா.

"பொட்டழிச்சால் கட்டுற மனுசனுக்குக் கூடாது, பிள்ளை."

நான் எழும்பினேன். "கலவரத்தண்டு பஸ்ஸில என்ர பொட்டை அழிச்சதே என்ர மனுசன்தான், டீச்சர். தமிழரெண்டு தெரியக்கூடாதெண்டு. அவர் இப்பவும் வீட்டில இருந்து என்னோட சண்டை பிடிக்கிறார்."

அவ பிறகு வெட்டச் சொல்லவில்லை.

பேத்தியிடமும் பிழை இருந்தது. "அழாத பிள்ளை. வேர்வை துடைக்கிற மாதிரித் துடை. அண்டைக்கு நான் அழுதிருந்தால் பிடிபட்டிருப்பம்."

டீச்சர் சொன்னதை மறக்கமாட்டேன். நாளைக்கு முன்வரிசையில் இவரைப் பக்கத்தில் இருத்தி, நெற்றி நிறையக் குங்குமத்தோடு இருப்பேன்.