சுவிட்ச் இல்லாத ஐந்து விளக்குகள்

அனுப்புநர்:
பெ. சந்தனமாரி, வயது 36,
மாரி காயில் ஒர்க்ஸ்,
(தாஜ் முகம்மது அவர்கள் வீட்டுக் கார் ஷெட்),
வாகைமரத் தெரு, தச்சநல்லூர், திருநெல்வேலி.

பெறுநர்:
உயர்திரு செயற்பொறியாளர் அவர்கள்,
மின் விநியோக அலுவலகம், திருநெல்வேலி.

பொருள்: நான் வாடகைக்கு இருக்கும் கார் ஷெட்டில் மின்சாரம் திருடியதாக ஒட்டப்பட்ட அறிவிப்பை ரத்து செய்யவும், துண்டித்த இணைப்பைத் திரும்பத் தரவும், தாங்களே ஒரு பகல் வேளையில் நேரில் வந்து பார்க்கவும் வேண்டி.

பார்வை: 1. ஆய்வுக் குழுவின் அறிக்கை, நாள் 18.02.2025.
2. மறு ஆய்வு அறிக்கை, நாள் 24.02.2025.
3. இணைப்புத் துண்டிப்பு அறிக்கை, நாள் 10.03.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

என் மீது இதுவரை மூன்று அறிக்கைகள் எழுதப்பட்டுள்ளன. மூன்றையும் நகல் கேட்டு வாங்கிப் படித்தேன். எழுதியவர்கள் கண்ணால் கண்டதைத்தான் எழுதியிருக்கிறார்கள். யாரும் பொய் எழுதியதாக நான் சொல்லவில்லை. ஆனாலும் நான் ஒரு யூனிட் கூடத் திருடவில்லை. இது எப்படி என்று விளக்கவே இம்மனு. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பாதியில் மடித்து வைத்துவிடாமல் முழுவதும் படிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

1. நான் ஐ.டி.ஐ.யில் வயர்மேன் பிரிவு படித்தவள். பதினோரு வருடம் டவுனில் ஒரு கடையில் மிக்ஸி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார் ஆகியவற்றுக்குக் காயில் கட்டும், அதாவது எரிந்துபோன கம்பியை எடுத்துவிட்டுப் புதுச் செம்புக் கம்பி சுற்றும் வேலை பார்த்தேன். சென்ற ஆண்டு செப்டம்பரில் தனியாகத் தொழில் தொடங்கலாம் என்று, சீவலப்பேரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும்படி தச்சநல்லூரில் இடம் தேடினேன். என் கையில் இருந்த பணத்துக்குக் கிடைத்தது ஒரே ஒரு இடம். வெளிநாட்டு வேலையை முடித்து ஊர் திரும்பிய தாஜ் முகம்மது அவர்கள், காரை விற்றுவிட்டுப் பூட்டி வைத்திருந்த ஷெட் அது.

2. அந்த ஷெட் ஒன்பது அடி அகலம், பதினாறு அடி நீளம். மூன்று பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்கள். ஜன்னல் கிடையாது. மேலே தகர ஷீட். ஷட்டரைத் தூக்கினால் முதல் நான்கு அடிக்கு வெளிச்சம் வரும். அதற்கு அப்பால் நண்பகலிலும் டார்ச் அடித்துத்தான் ஸ்பேனரைத் தேட வேண்டும். வாடகை குறைவாகக் கிடைத்ததற்கும் அந்த இருட்டுதான் காரணம், ஆகவே அதைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் மிக்ஸி ஆர்மேச்சரில் சுற்றும் செம்புக் கம்பி தலைமுடி கனம்தான் இருக்கும் என்பது தங்களுக்குத் தெரியும். ஒரு சுற்று தப்பினால் அந்த மிக்ஸி ஒரு வாரத்தில் புகைந்துபோய்த் திரும்பி வரும். எனக்கு வெளிச்சம்தான் முதல் கருவி.

3. நாள் முழுக்க ஆறு டியூப் லைட் எரிய விட்டு, கடைக்கான கட்டணத்தில் பில் கட்டும் நிலையில் நான் இல்லை. எனவே ஷெட் உரிமையாளரிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்கிக்கொண்டு, கீழ்க்கண்டவாறு செய்தேன். சுவர்களுக்கு இரண்டு கை வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தேன். வெள்ளைச் சாக்குகளைப் பிரித்துத் தைத்துக் கூரைக்கு அடியில் இழுத்துக் கட்டினேன். பிறகு தகரத்தில் ஐந்து இடங்களில் வட்டமாக வெட்டி, ஜூஸ் கடையில் சும்மா கொடுத்த இரண்டு லிட்டர் பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி, கழுத்துப் பகுதி வெளியேயும் அடிப்பகுதி உள்ளேயும் இருக்கும்படி செருகி, ஓட்டையைச் சுற்றிப் பசை வைத்து அடைத்தேன். மேலே படும் வெயிலைத் தண்ணீர் உள்ளே இறக்கிப் பரப்பிவிடும். சாக்குக்குக் கீழே இருந்து பார்த்தால் வட்டமான பல்பு எரிவது போலவே தெரியும். வெயிலில் மூடி வெடிக்காமல் இருக்க, ஒவ்வொரு மூடிக்கும் சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிப் போர்த்தினேன். எல்லாம் சேர்த்து அறுநூற்றுப் பத்து ரூபாய் ஆனது. மேகம் மூடிய நாளுக்கும் மாலை வேலைக்கும் ஒன்பது வாட் எல்.இ.டி. பல்புகள் இரண்டு மட்டும் மீட்டர் வழியாக உள்ளன.

4. இந்த இடத்தில் நான் செய்த ஒரு தவறையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. நான்கு பாட்டில்களில் குழாய்த் தண்ணீரோடு ஒரு மூடி சலவை பிளீச் கலந்து ஊற்றினேன். ஐந்தாவதற்கு மட்டும், தொழிலுக்கு நல்லதாக இருக்கட்டும் என்று சீவலப்பேரியிலிருந்து ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். தாமிரபரணித் தண்ணீரில் பிளீச் கலக்க எனக்கு மனம் வரவில்லை. பதினைந்தே நாளில் அது பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டது. வெளிச்சம் குறைந்தாலும் பார்க்க நன்றாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டேன். இதை ஏன் சொல்கிறேன் என்பது அடுத்த பத்தியில் தெரியும்.

5. 18.02.2025 அன்று பகல் பன்னிரண்டரை மணிக்கு ஆய்வுக் குழு வந்தபோது நான் செம்புக் கம்பி வாங்க ஜங்ஷன் போயிருந்தேன். கடையில் இருந்தவர் எங்கள் ஊர் விவசாயி பிச்சைக்கண்ணு அவர்கள். பிசானப் பருவ நெல்லுக்குக் கடைசித் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய நேரத்தில் அவருடைய மோட்டார் எரிந்துபோனதால், அதைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். மீட்டரில் இரண்டு மாதத்துக்கு ஐம்பத்திரண்டு யூனிட்தான் ஓடியிருக்கிறது. உள்ளேயோ கல்யாண வீடு போல வெளிச்சம். ஆய்வாளர் அவர்கள் விளக்குகளை அணைக்கச் சொல்லியிருக்கிறார். பிச்சைக்கண்ணு பொய் சொல்லத் தெரியாத மனிதர். அவர் சொன்ன பதில் அறிக்கையில் அப்படியே இருக்கிறது: “அதுக்குச் சுவிச்சு கிடையாது சார். காலையில தன்னால எரியும், பொழுது அடைஞ்சா தன்னால அணைஞ்சிரும்.” கீழே அவருடைய கைநாட்டு. அதன் பிறகு எழுதப்பட்டிருப்பது: ‘சுவிட்ச் இல்லாத, தானியங்கி முறையில் இயங்கும் கூரை விளக்குகள் 4, பச்சை நிற இரவு விளக்கு 1, மீட்டருக்கு வெளியே நேரடியாக எடுக்கப்பட்ட இணைப்பு.’ நண்பகல் பன்னிரண்டரை மணிக்கு ஒருவர் இரவு விளக்கு ஏன் போட்டு வைக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

6. மறுநாளே நான் பிரிவு அலுவலகத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அங்கிருந்தவர் சிரித்துவிட்டு, காயில் கட்டத் தெரிந்தவளுக்கு மீட்டருக்கு வெளியே இழுக்கத் தெரியாதா என்று கேட்டார். ஐயா, நான் படித்த படிப்பையே எனக்கு எதிரான சாட்சியாக வைத்தது அன்றைக்கு மிகவும் வலித்தது. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டு மறு ஆய்வுக்கு மனு எழுதிக் கொடுத்தேன்.

7. மறு ஆய்வுக்கு வந்தார்கள். முன்கூட்டித் தெரிந்தால் நான் ஒளித்துவிடுவேன் என்று நினைத்து, சொல்லாமல் 24.02.2025 மாலை ஏழு மணிக்கு வந்தார்கள். அந்த நேரத்தில் பாட்டில் எப்படி எரியும்? ஐந்தும் கருப்பாக இருந்தன. நான் நாற்காலி போட்டு ஏறி, சாக்கை விலக்கிக் காட்டுகிறேன் என்றேன், நேரமில்லை என்றார்கள். பக்கத்து மாடியிலிருந்து டார்ச் அடித்துக் கூரையைப் பார்த்தார்கள். சைக்கிள் டியூப் துண்டுகள் கண்ணில் பட்டன. அறிக்கையில், ‘விளக்குகள் எரியவில்லை. கூரை மீது கருப்பு நிறக் கேபிள் துண்டுகள் காணப்படுகின்றன. திருட்டு இணைப்பை அகற்றிவிட்டதாகத் தெரிகிறது’ என்று எழுதப்பட்டது. அந்த வாரமே ஷட்டரில் அறிவிப்பும் ஒட்டப்பட்டது.

8. 10.03.2025 அன்று லைன்மேன் செந்தில்முருகன் அவர்கள் மின்கம்பத்தில் ஏறி எங்கள் இணைப்பைத் துண்டித்தார். இறங்கி வந்து பார்த்தால் ஷெட்டுக்குள் விளக்குகள் எரிகின்றன. அவர் திரும்பவும் கம்பத்தில் ஏறி, சரியான ஒயரைத்தான் எடுத்தோமா என்று பார்த்தார். நான் அவரை உள்ளே அழைத்து, ஸ்டூல் போட்டு, சாக்கை விலக்கி, கையால் பாட்டிலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டார். புரிந்துகொண்டார். அவர் சொன்னது: “எனக்குப் புரியுதுக்கா. ஆனா ஃபாரத்துல பாட்டில்னு ஒரு கட்டம் இல்லயே.” ஆகவே இருக்கிற கட்டத்தில், ‘இணைப்பைத் துண்டித்த பின்பும் ஐந்து விளக்குகள் எரிகின்றன’ என்று உள்ளதை உள்ளபடி எழுதினார். அவர் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் அதைப் படித்த பிரிவு அலுவலகம், நான் வேறொரு கம்பத்திலிருந்தும் மின்சாரம் எடுப்பதாக இப்போது சந்தேகிக்கிறது.

9. ஐயா, இனி என் நிலைமையைச் சொல்கிறேன். மின்சாரம் இல்லாததால் கட்டிய காயிலை ஓட்டிப் பார்க்க முடியவில்லை. நோன்பு மாதம், இந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் மிக்ஸியும் கிரைண்டரும் ஓய்வில்லாமல் ஓடிப் பழுதாகும் மாதம். பதினெட்டு மிக்ஸிகள் ஓட்டிப் பார்க்காமல் அலமாரியில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று ஷெட் உரிமையாளரின் மனைவி ஹமீது பீவி அவர்களுடையது. பிச்சைக்கண்ணு அவர்களின் மோட்டாரை மட்டும் அன்றைக்கே முடித்துக் கொடுத்துவிட்டேன். அவர் தன்னால்தான் இந்த வினை என்று நினைத்துக்கொண்டு, வாரம் இரண்டு முறை பஸ் ஏறி வந்து, நான் இன்னொரு கைநாட்டு வைக்கிறேன் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய இரண்டாவது வாக்குமூலத்தை இத்துடன் இணைத்துள்ளேன். அதுவும் முதலாவதைப் போலத்தான் இருக்கிறது. அவருக்கு அவ்வளவுதான் சொல்லத் தெரியும்.

10. இதைவிடப் பெரிது ஷட்டரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பு. ‘மின் திருட்டு’ என்று சிவப்பு எழுத்திலும், அதன் கீழே மின் நுகர்வோர் என்று தாஜ் முகம்மது அவர்களின் பெயரும் இருக்கின்றன. இணைப்பு அவர் பெயரில் இருப்பதால் அப்படி. அவர் பள்ளிவாசலுக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும். நோன்பு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தொழுகைக்கும் போகும்போதும் வரும்போதும் தன் பெயரைத் திருட்டுக்குக் கீழே பார்த்துக்கொண்டு போகிறார். போன வாரம் என்னைக் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை. “நீ எடுக்கலன்னு எனக்குத் தெரியும்மா. ஆனா தாளு அங்கன ஒட்டிக்கிட்டு நிக்குதுல்லா. பெருநாளைக்கு ஆளுவ வந்து பாத்தா நான் என்னன்னு சொல்லுவேன்?” என்றார். 21.03.2025 வெள்ளிக்கிழமைக்குள் அந்தத் தாள் இறங்காவிட்டால் ஷெட்டைக் காலி செய்து தரும்படி கேட்டிருக்கிறார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். ஆனால் திருடி என்ற பெயரோடு காலி செய்து போனால், எனக்கு இந்த ஊரில் இன்னொரு ஷட்டர் திறக்காது. ஆகவே நான் போகப்போவதில்லை.

11. எனவே ஐயா அவர்களைக் கேட்டுக்கொள்வது:

(அ) 21.03.2025-க்கு முன், காலை பத்து மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் இடையில் தாங்களே நேரில் வர வேண்டும். மாலையில் தயவுசெய்து வர வேண்டாம்.

(ஆ) வரும்போது முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. எந்தக் கம்பத்தின் மீது சந்தேகமோ அந்தக் கம்பத்தில், தேவையானால் தெரு முழுவதற்குமே, மின்சாரத்தை நிறுத்திக்கொள்ளலாம். தெருக்காரர்களிடம் நான் பேசிவிட்டேன், அரை மணி நேரம் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதன் பிறகு என் விளக்குகள் அணைந்தால், அறிவிப்பில் உள்ள எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன்.

(இ) அணையாவிட்டால், இணைப்பை அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். ஒட்டிய தாளைக் கிழித்தால் மட்டும் போதாது. அதே ஷட்டரில், அதே உயரத்தில், தவறுதலாக ஒட்டப்பட்டது என்று தாஜ் முகம்மது அவர்களின் பெயரைப் போட்டு இன்னொரு தாள் ஒட்ட வேண்டும். எழுத்து சிவப்பாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பெரிதாக இருந்தால் போதும்.

12. தாங்கள் வேலைப்பளு மிகுந்தவர் என்பதை அறிவேன். நேரில் வர முடியாமல் போனாலும் என் வழக்கு தங்கள் மேசைக்கு வந்துவிட வேண்டும் என்பதற்காக, அறிக்கையில் கண்ட விளக்குகளில் ஒன்றை இன்று காலை கூரையிலிருந்து கழற்றி இம்மனுவுடன் சமர்ப்பிக்கிறேன். தங்கள் அறையில் வெயில் விழும் ஜன்னலில் அதைச் சற்று நேரம் வைத்துப் பார்க்கவும். சுவிட்ச் எதையும் போட வேண்டாம். பார்த்த பிறகு திருப்பித் தந்துவிட வேண்டுகிறேன். இப்போது அந்த ஓட்டையை ஒரு தட்டு வைத்து மூடியிருக்கிறேன், மழை வந்தால் ஒழுகும்.

13. என் இணைப்பைத் துண்டித்து இன்று நான்காவது நாள். கூரையில் மீதம் நான்கு விளக்குகள் எரிந்துகொண்டிருக்கின்றன. இந்த மனுவை முதல் வரியிலிருந்து இந்த வரி வரை, ஷெட்டின் கடைசி மூலையில் உட்கார்ந்து, அந்த வெளிச்சத்தில்தான் எழுதினேன்.

இடம்: தச்சநல்லூர்
நாள்: 13.03.2025, பகல் 11.40 மணி

தங்கள் வருகைக்காக ஷட்டரைத் திறந்து வைத்திருக்கும்,
(ஒப்பம்) பெ. சந்தனமாரி

இணைப்புகள்:
1. மூன்று அறிக்கைகளின் நகல்கள்.
2. கூரையை வெட்ட உரிமையாளர் தந்த அனுமதிக் கடிதத்தின் நகல்.
3. பக்கத்து மாடியிலிருந்து பகலில் எடுத்த புகைப்படங்கள் மூன்று.
4. பிச்சைக்கண்ணு அவர்களின் இரண்டாவது வாக்குமூலம், கைநாட்டுடன்.
5. பச்சை நிற இரவு விளக்கு – 1 (ஒயர் இல்லை, ஆற்றுத் தண்ணீர் இரண்டு லிட்டர் உள்ளது).