ஆலோசகருக்கு எழுதிய இரண்டு பக்கங்கள்

ஏப்ரல் 25, செவ்வாய்
காலை தொட்டே வெக்கை. சிறுபோக நெல் விதைப்புக்குப் போய்விட்டார்கள், அரசாங்கக் கந்தோரில் பாதிக் கதிரைகள் வெறுமை. கிளிநொச்சிச் சந்தியில் இன்று நான்கு ஆமி லொறிகள். பஸ்ஸில் எல்லாரையும் இறக்கிச் சோதித்தார்கள். என் பையிலிருந்த ரஷ்ய நாவலை ஒரு சிப்பாய் உதறிப் பார்த்தான். ஒன்றும் விழவில்லை.

கொழும்பிலிருந்து வந்திருக்கும் அரசாங்க ஆலோசகருக்கு (இனி ஆ.) மொழிபெயர்க்க என்னைப் போட்டிருக்கிறார்கள். மூன்று நாடுகளில் தூதரக வேலை பார்த்தவர். என்ன வாசிக்கிறாய் என்று கேட்ட முதல் மேலதிகாரி. "படையால் சனத்தை அடக்கலாம், ஆள முடியாது" என்றார். அவரைப் பிடித்துப்போனது. எழுதவே கூச்சம்.

ஏப்ரல் 28, வெள்ளி
வட்டக்கச்சி. வாய்க்கால் கரையில் கூட்டம். மருந்துச்சாலை, புதிய மதகு எல்லாம் தருவதாக ஆ. சொன்னார், நான் தமிழில். முப்பது பேர், ஒரு சத்தமில்லை. எல்லார் கண்ணும் செல்லத்துரை அண்ணை மேல். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "மதகு வரட்டும் ஐயா. ஆமி போகட்டும்" என்றார். பிறகுதான் மற்றவர்கள் வாய் திறந்தது.

பின்னாலிருந்து ஒரு குரல்: "மதகுக்கும் துவக்கோடயோ காவல் நிப்பினம்?" ஒரே சிரிப்பு. இதை மொழிபெயர்க்கவில்லை.

ஜீப்பில் ஆ. கேட்டார், ஏன் அந்த மௌனம்? விளக்கினேன். தண்ணீர் பங்கிட அரசாங்கம் நியமித்தவர் வேறு ஆள். ஆனால் தண்ணீர் முறையில் தகராறு என்றால் சனம் போவது செ. அண்ணையிடம். அவர் பேசுமுன் வேறொருவர் பேசுவது மரியாதையில்லை. "இதை எழுதித் தா. இப்படிப்பட்டவர்களோடுதான் நாம் பேச வேண்டும்" என்றார்.

ஏப்ரல் 30, ஞாயிறு
இரண்டு பக்கம். ஆங்கிலம் நன்றாக வந்தது. எந்த வாய்க்காலில் யார் சொல் எடுபடும் என்று நான்கு பெயர்கள். முதலாவது செல்லத்துரை.
அம்மா: "ஞாயிற்றுக்கிழமையும் கந்தோர் வேலையோ? அந்த ஐயா உன்னைக் கொழும்புக்குக் கொண்டுபோகப் போறாராமோ?"
வாங்க: சவர்க்காரம், நீல மை, மண்ணெண்ணெய்.

மே 3, புதன்
செ. அண்ணையை ஆமி பிடித்துக்கொண்டு போய்விட்டது. விடிய, மண்வெட்டியோடு வயலுக்கு வெளிக்கிட்டபோது. இன்னும் மூன்று பேரை. வேறொருவரையும் தொடவில்லை.
நான்கே பேர். என் நான்கு பேர்.

மே 4, வியாழன்
ஆ.விடம் கேட்டேன். கோபிக்கவில்லை. இருக்கச் சொன்னார், தேநீர் வரவழைத்தார்.
"பேசப் போவதாகச் சொன்னீர்களே."
"பேசுவோம். உள்ளே இருப்பவர்கள் கவனமாகக் கேட்பார்கள். வெளியே இருப்பவர்களுக்கோ இனி முதலில் பேச ஆளில்லை."
அடுத்த கிழமை முல்லைத்தீவுக் கரையாம். மீன்பிடிச் சனம் யார் சொல்லுக்குக் கட்டுப்படும் என்று நான் அறிந்து எழுத வேண்டுமாம். என் நடையைப் புகழ்ந்தார்.
தேநீரைக் குடித்தேன். அதுதான் தாங்க முடியவில்லை.

மே 6, சனி
செ. அண்ணை வீடு. தண்ணீர் முறை குழம்பி மேல் வாய்க்காலில் அடிபாடு. வாய்க்காலின் கடைசி வயல்கள் காய்ந்து வெடிக்கத் தொடங்கிவிட்டன. மனைவி பூமணி அக்கா கொப்பித் தாளோடு காத்திருந்தா.
"பிள்ளை, உமக்கு இங்கிலீசு வரும். அந்த ஐயாவுக்கு ஒரு பெட்டிசம் எழுதித் தாரும். நல்ல மனிசன், எங்கட வீட்டில மோர் குடிச்சவர்."
முற்றத்தில் இருபது பேர். செ. அண்ணை நல்லவர் என்று கையெழுத்து வைக்க வந்தவர்கள்.
"என்ர பேரை முதல்ல போடு பிள்ளை."
"ஏன், நீர் என்ன பெரிய துரையோ?"
"துரை இல்லையடா, அவற்ர பக்கத்து வயல்!"
ஐந்து பெயர் எழுதிவிட்டேன். ஆறாவதில் கை நின்றது. தாளைக் கிழித்தேன்.
"என்ன பிள்ளை, பிழைச்சுப் போச்சோ?"
"பேர் எழுதின தாள் ஒண்டும் அந்தக் கந்தோருக்குப் போகக் கூடாது அக்கா."
"ஏனாம்?"
"அண்ணையின்ர பேரை எழுதிக் குடுத்தது நான்தான்."