கிழக்கு வேலி

நாள் 611 / காலை 6.10

ஜெபம் முடிந்தது. இதைக் கண்டெடுப்பவர்களுக்கு: நான் ஜெபக்கனி. நானும் என் வீட்டுக்காரர் ஞானதுரையும் செவ்வாயில் அல்பாக்காக் கம்பளிப் பண்ணை போட வந்தோம்.

கிழக்கே மூன்று வேலிக்கால் ஊன்றினோம். மொத்தம் நாற்பத்து நான்கு. கால்களுக்கிடையே விரியும் மெல்லிய திரைதான் உள்ளே காற்றைப் பிடித்து வைக்கிறது. புதிதாக வளைத்தது பத்து சென்ட். அந்த உப்பு மண்ணில் முதல் பாத்தியை அரிசி களைவதுபோல் மூன்று தண்ணீர் விட்டுக் களைந்தேன். ஊற்றியது 310 லிட்டர், திரும்பியது 290.

காற்று இயந்திரம் வழக்கம்போல் உயிர் எண்ணிக்கை கேட்டது. வந்த அன்று அவர் போட்ட பதினாலையே விட்டுவைத்தேன்: பன்னிரண்டு அல்பாக்கா, நாங்கள் இருவர். பிறகு பிறந்தவற்றைச் சேர்க்கவில்லை. வேதத்தில் தாவீது ராஜா ஜனங்களை எண்ணினார், தேசத்தில் கொள்ளைநோய் விழுந்தது. ஆணியை எண்ணுவேன். உயிரை எண்ண மாட்டேன்.

நாள் 640 / மாலை 4.30

இன்னொரு குட்டி. களைந்த மண்ணில் புல் விரல் உயரம் வந்திருக்கிறது. சரக்குக் கப்பல் ஓட்டிவரும் கொழுந்தன் ஆசீர் வானொலியில் பேசினான்.

"மைனி, குட்டி எத்தன?"

"கர்த்தர் குடுத்தது இருக்கு."

"ஊசி நூல் வரைக்கும் நோட்டுல எழுதுவிய. கர்த்தர் குடுத்தத எழுதக் கூடாதாக்கும்?"

பின்னால் நின்று அவர் சிரித்தார். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

நாள் 702 / காலை 9.05

ஐந்து நாளாகத் தலைவலி. உபவாசத்தால் என்று நினைத்தேன். மூன்று வேளையும் சாப்பிடுகிற அவருக்கும் வலிக்கிறது. குட்டிகள் எழுந்திருக்கவில்லை. ஆசீரிடம் சொல்லி, இயந்திரத்தின் பதிவுகளை அனுப்பினேன்.

"மைனி, மெஷினு பதினாலு உசுருக்குத்தான் காத்து செய்யுது. மிச்சத்த சேமிப்புல இருந்து எடுத்திருக்கு. சேமிப்பு அடி தொட்டாச்சு. இப்பமாது எண்ணுங்க."

எண்ணினேன். முதல் தடவை பாதியில் விட்டுவிட்டேன். இருபத்தாறு அல்பாக்கா.

பகல் 1.40

எண்ணிக்கையை இருபத்தெட்டு என்று திருத்திப் போட்டேன். பாரம் ஏறியதும் இயந்திரத்தின் வடிகட்டி வெடித்து நின்றுவிட்டது. மாற்று ஆசீரின் கப்பலில் இருக்கிறது. அவன் வரப் பத்தொன்பது நாள்.

நாள் 703 / காலை 5.50

மீதிக் காற்று. எல்லோருக்குமாக: ஒரு நாளும் சொச்சமும். மந்தை போனால், இரண்டு பேருக்கு: பத்து நாள்.

ஒரு ஆளுக்கு: இருபது நாள்.

கடைசி வரி நான் எழுதியதல்ல. எழுந்து பார்த்தால் நோட்டில் இருக்கிறது. அவருடைய பென்சில் எழுத்து.

காலை 7.15

மந்தையை வெளியேற்றக் கிழக்கு வேலியின் இரட்டைக் கதவுக்குப் போனார். கதவடி ஒலிபெருக்கியில் பேசினார்.

"ஏட்டி கனி, குட்டியெல்லாம் தனியா போவாது. கொஞ்ச தூரம் கூடப் போறேன். நீ ஜன்னல்ட்ட நிக்காத."

தலைக்கவசம் போட்டாச்சா என்று கேட்டேன். உள்கதவைச் சாத்திப் பூட்டும் சத்தம்தான் வந்தது. அல்பாக்காக்களின் முனகல் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு வெளிக்கதவு.

தலைக்கவசம் ஆணியில் தொங்குகிறது.

காலை 8.00

ஆசீர் கூப்பிட்டான்.

"மைனி, அண்ணன் எங்க?"

"வெளிய வேலையா இருக்காவ."

"நான் வார வரைக்கும் காத்து போதுமா?"

போதும் என்றேன். அது பொய் இல்லை.