எருமை தன்னையே உதைத்த பாட்டு

கீலுங்
11 மார்ச் 2019

என் அருமைப் பின்னங்கால்களுக்கு,

நலம். நீயும் உன் இடது முழங்காலும் நலமா? இங்கே மழை. கீலுங்கில் மழை என்று எழுதுவது கடலில் தண்ணீர் என்று எழுதுவது போலத்தான். ஆனாலும் எதையாவது சொல்லித் தொடங்க வேண்டுமே. போனில் பேசினால் இரண்டாவது நிமிஷம் சண்டை, இனி எழுத்தில்தான் எல்லாம் என்று நீ சட்டம் போட்டு வருஷம் ஏழு ஆகிறது. என் கையெழுத்து கொஞ்சம் திருந்தியிருக்கிறது, கவனித்தாயா?

பீயுன், நேற்று துறைமுகத்துப் பக்கம் மீன் உருண்டைச் சூப்புக் கடையில் ஒதுங்கி நின்றேன். மேலே தொலைக்காட்சியில் நம் பாட்டு! ஆ-தோங் தலை நிறைய முடியோடு, புதிதாக வாங்கிய உழவு யந்திரத்தைக் குழந்தையைப் போலத் தடவிக்கொண்டு 'என் எருமைக்கு என்மேல் கோபம்' என்று பாடுகிறான். நாம் இருவரும் உள்ளே நின்று ஆடிய வேஷ எருமை தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்புகிறது. பேருந்துக்கு வரிசையில் நிற்கிறது. ஐஸ் கடையில் உட்கார்ந்து சிவப்புப் பயறு ஐஸ் தின்கிறது. அப்புறம் உங்கள் அறுத்த வயலில் தனியாக ஆடுகிறது. ஆட்டத்தின் நடுவில் பின்னங்கால் வந்து முன்னங்காலை ஓங்கி ஓர் உதை. எருமை தன்னையே உதைத்துக்கொண்டு குப்புற விழுகிறது.

கடை முழுக்கச் சிரிப்பு. கடைக்கார அம்மாள் கரண்டியும் கையுமாக நின்று, "இந்த இடம் வந்தா மட்டும் எனக்கு வயிறே வலிச்சிடும், எத்தன தடவ பாத்தாலும்" என்றாள்.

"அக்கா, அந்த உதையை வாங்கினது நான்தான்" என்றேன்.

"போய்யா! போன வாரம் ஒருத்தர் வந்து, அந்த ஐஸ் கடைக்காரரே நான்தான்னாரு. சூப்பு ஓசி கிடையாது" என்றாள்.

மழை விடும் வரை அங்கேயே நின்றேன். உடம்பு கீலுங்கில் இருந்தது, மனசு மட்டும் வைக்கோல் வாசனையில் போய்ப் படுத்துக்கொண்டது.

விஷயம் இதுதான். பழைய பாட்டுகளுக்கு ஒரு நிகழ்ச்சி எடுக்கிறார்களாம். ஜூனில், அறுப்பு முடிந்ததும், ஹோபியில் உங்கள் அதே வயலில் நம் பாட்டைத் திரும்ப எடுக்கப் போகிறார்கள். ஆ-தோங் பாடுகிறான். எருமைக்குள் பழைய ஆட்களே வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறான். வருவாய்தானே?

அன்புடன், உன் முன்பக்கம்,
சிங்ஹாய்

பி.கு. நீ அனுப்பிய காகிதம் வந்தது. பத்திரமாக இருக்கிறது.


சின்யிங்
20 மார்ச் 2019

முன்பக்கத்தாருக்கு,

பத்திரமாக வைக்கவா அனுப்பினேன்? விவாகரத்துப் பத்திரத்தில் உன் பெயர் முத்திரையைக் குத்து என்று மூன்றாம் தடவையாக அனுப்பியிருக்கிறேன். நீ எருமையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு, காகிதத்துக்குப் பின்குறிப்பில் இடம் கொடுக்கிறாய்.

உதை வாங்கியதைச் சூப்புக் கடையில் பெருமையாகச் சொன்னாயே, எதற்கு வாங்கினாய் என்று சொன்னாயா? எங்கள் வயலில் படம் பிடிக்க வந்தீர்கள். பின்னங்காலுக்கு வைத்திருந்த பையன் வரவில்லை. வேடிக்கை பார்க்க வந்த என்னைப் பிடித்து, "தங்கச்சி குட்டையா இருக்கா, சரியா இருக்கும்" என்று உள்ளே தள்ளினார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நீ முன்னால் வந்து குனிந்தாய். உன் வாயிலிருந்து மாட்டிறைச்சி நூடுல்ஸ் வாசனை! எங்கள் வீட்டில் எருமையின் கழுத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். அது உழுத சோற்றைத் தின்றுவிட்டு அதையே தின்பதா என்பார் அப்பா. அந்த வாசனை அதுவரை என் மூக்கில் ஏறியதே இல்லை. அப்பாவின் வயலில், எருமைத் தோலுக்குள் நின்றுகொண்டு, மாட்டைத் தின்றுவிட்டு ஏப்பம் விட்டாய். உதைத்தேன். ஊர் உலகமெல்லாம் இருபத்தொன்பது வருஷமாகச் சிரிக்கிறது. அது நம் முதல் சண்டை என்று யாருக்குத் தெரியும்?

அந்தச் சண்டைக்குப் பிறகு நீ சாகும்வரை மாட்டைத் தொடமாட்டேன் என்று என் அப்பா முன்னால் சொன்னாய். தொடவும் இல்லை. அதற்காகத்தான் உன்னைக் கட்டிக்கொண்டேன். ஆட்டம் பாட்டத்துக்கு லாரியில் கட்டிய மேடை வண்டியை எடுத்துக்கொண்டு வருஷத்தில் பாதி நாள் ஊர் ஊராகத் திரிந்ததைக்கூடப் பொறுத்தேன். அப்பா செத்தபோது மூன்றாம் நாள் வந்து சேர்ந்தாயே, அதையும் பொறுத்திருப்பேன். வந்தவன் துக்கப் பந்தலில் எருமை நடை நடந்து காட்டினாய். வந்திருந்த சனமெல்லாம் சிரித்தது. நான் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன், சிங்ஹாய். அன்றைக்குப் போனது என் மனசு.

ஜூனில் எனக்கு வேலை இருக்கிறது. காலை ஐந்து மணிக்கே என் கடையில் முட்டை ரொட்டிக்கு வரிசை நிற்கிறது. நீ வேறு பின்னங்கால் பார்த்துக்கொள்.

பீயுன்

கடையை மூடியபின் நானும் அந்தப் பாட்டைப் பார்ப்பதுண்டு. யாரிடமும் சொல்லாதே.


கீலுங்
2 ஏப்ரல் 2019

பீயுன்,

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் அலைந்தேன். மழையில் மை ஊறி, 'துக்கப் பந்தல்' என்ற இடம் மட்டும் அழிந்துவிட்டது. அது நல்லதா கெட்டதா தெரியவில்லை.

நான் கடிதம் எழுதும்போதும் கோமாளித்தனம் செய்கிறேன் என்பாய். ஒரே ஒரு பாராவுக்குச் செய்யாமல் இருக்கிறேன். உன் அப்பா என்னைப் பார்க்கும்போதெல்லாம் என்ன சொல்வார்? "நட மாப்ள, ஒரு தடவ நட." வாசலில், சந்தையில், ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூடக் கேட்டார். அன்றைக்குப் பந்தலில் அவர் படத்தைப் பார்த்தேன். எனக்கு அழத் தெரியவில்லை. அவர் கேட்டது போல ஒரு தடவை நடந்தேன். மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. நீ எழுந்து உள்ளே போனாய். அதன் பிறகு உன்னிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் இரண்டாவது நிமிஷம் வந்துவிடும்.

பாரா முடிந்தது.

இப்போது ஒரு பேரம். ஒரு தடவை ஆடு. ஆடி முடித்து வெளியே வந்த பிறகும் உனக்கு முத்திரைதான் வேண்டும் என்றால், நானே முத்திரையும் கையுமாகச் சின்யிங் வருகிறேன். இனிப் பின்குறிப்பு கிடையாது. முத்திரை வேண்டாம் என்றால், அந்தக் காகிதத்தில் கப்பல் செய்து துறைமுகத்தில் விடுவேன்.

எனக்கு எல்லாம் அந்த மூன்று நிமிஷத்தில் இருக்கிறது என்று ஒரு நம்பிக்கை. அதற்குள் போய்விட்டால் நீயும் நானும் வழி கண்டுபிடித்துவிடுவோம்.

சிங்ஹாய்


சின்யிங்
14 ஏப்ரல் 2019

சிங்ஹாய்,

கல்லறை துடைக்கும் நாளில் அப்பாவிடம் போயிருந்தேன். புல் வெட்டினேன், பழம் வைத்தேன். உன் பாராவைப் படித்துக் காட்டினேன். காற்று அடித்தது, அவ்வளவுதான். ஆனால் "நட மாப்ள" என்ற குரல் எனக்கு நன்றாகக் கேட்டது. அது எனக்குத் தெரிந்த குரல்தானே. ஏழு வருஷம் நான் ஏன் அதை நினைத்துப் பார்க்கவில்லை? நீயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், மடையா.

பேரத்துக்குச் சரி. ஆடுகிறேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ முன்னால் இருந்தாய், எருமையின் வாய் வழியாக உனக்கு வயல், வானம், காமிரா எல்லாம் தெரிந்தது. எனக்கு ஒன்றும் தெரியாது. தையல் இடுக்குகளில் வெயில் நூல் நூலாக வரும். கீழே என் பாதம், அறுத்த தாளடி, சில சமயம் ஒரு தவளை. நெற்றி உன் முதுகில் இடித்துக்கொண்டே இருக்கும். சட்டை நனைந்து ஒட்டியிருக்கும். வெளியே ஒலிபெருக்கியில் பாட்டு ஓடும், நீ அதைக் கூடவே முனகுவாய். அந்த முனகல் உன் முதுகெலும்பு வழியாக என் நெற்றிக்குள் வரும். இன்றைக்கும் அந்தப் பாட்டை நான் காதால் கேட்பதில்லை, நெற்றியால்தான் கேட்கிறேன். மதியம் கடையைக் கழுவிவிட்டு நாற்காலியில் சாய்ந்தால் அந்த மஞ்சள் இருட்டு வந்து என்னை மூடிக்கொள்ளும். அப்படியே தூங்கிப்போவேன்.

இதைப் படித்துவிட்டுச் சிறகு முளைத்துப் பறக்காதே. உதை உண்டு. இயக்குநர் கேட்டாலும் உண்டு, கேட்காவிட்டாலும் உண்டு. ஏழு வருஷமாகச் சேர்த்து வைத்த உதை.

பீயுன்


கீலுங்
25 ஜூன் 2019

என் பீயுனுக்கு,

மேடை வண்டிக்காரர்களிடம் சொல்லிவிட்டேன். அறையைக் காலி செய்கிறேன். ஜூலைக் கடைசியில் சின்யிங் வருகிறேன். உன் கடையில் சோயா பால் ஊற்றுகிறேன், தட்டுக் கழுவுகிறேன், வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன்.

எப்படி ஆடினோம்! புது எருமைக்குள் மின்விசிறியெல்லாம் வைத்திருந்தார்கள், பிளாஸ்டிக் வாசனை. ஆ-தோங்கின் மொட்டைத்தலையைப் பார்த்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஆனால் பாட்டு ஓட ஆரம்பித்ததும் அந்த வயல் அப்படியே பழையபடி வந்துவிட்டது. வெயில்கூட அதே வெயில். நான் முனகினேன். நீயும் முனகினாய், பீயுன். என் முதுகில் கேட்டது.

அப்புறம் அந்த இடம். அந்த இயக்குநர்ப் பையன் கத்துகிறான்: "பின்னாடி! உதைங்க! அக்கா, உதைங்க!" நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். உதை வரவில்லை. உன் நெற்றி மட்டும் என் முதுகில் அமைதியாகச் சாய்ந்திருந்தது. "திரும்ப எடுக்கலாம்" என்றான். திரும்பவும் வரவில்லை. மூன்றாம் தடவை நானே விழுந்து வைத்தேன். அவன் ஏமாந்துவிட்டான், நான் ஏமாறவில்லை. நீ என்னை மன்னித்துவிட்டாய். வேறென்ன அர்த்தம்?

வெளியே வந்ததும் கடையைத் திறக்க வேண்டும் என்று ஓடிவிட்டாய். வெட்கம் என்று புரிந்துகொண்டேன்.

காகிதத்தில் கப்பல் இன்னும் செய்யவில்லை. நீ ஒரு வார்த்தை எழுதினால் செய்துவிடுவேன்.

உன்னுடைய,
சிங்ஹாய்


சின்யிங்
5 ஜூலை 2019

அன்புள்ள சிங்ஹாய்,

கப்பல் செய்யாதே.

உன் கடிதத்தை நாலு நாள் கல்லாவுக்குள் வைத்திருந்தேன். நீ எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. நான் முனகினேன். நெற்றியைச் சாய்த்துக்கொண்டேன். அந்த மூன்று நிமிஷமும் எனக்கு இருபத்திரண்டு வயது, உலகத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பாட்டு முடியக்கூடாது என்றுகூட நினைத்தேன்.

ஆனால் உதையைப் பற்றி நீ தப்பாகப் புரிந்துகொண்டாய். அந்தப் பையன் கத்தும்போது நான் காலைத் தூக்கப் பார்த்தேன். பந்தலை நினைத்தேன். நீ வராத இரவுகளை நினைத்தேன். நூடுல்ஸைக்கூட நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. ஏழு வருஷமாக அண்டா நிறைய இருந்த கோபம், திறந்து பார்த்தால் காலி. மன்னித்துவிட்டேன் என்பது சரிதான். உன் பாராவிலேயே மன்னித்துவிட்டேன். கோபத்தைத் தூக்கிவிட்டால் அடியில் உன்மேல் ஆசை இருக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். அதற்காகத்தான் ஆட வந்தேன், இப்போது சொல்வதில் வெட்கமில்லை. அங்கே அதுவும் இல்லை. பிரியம் இருந்தது, எருமைமேல் இருக்கிற மாதிரி.

நீ எருமைத் தலையைக் கழற்றிவிட்டு வியர்வையைத் துடைத்தாயே, அப்போது உன்னைப் பார்த்தேன். நல்ல மனுஷன். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தால் ஊர் வரும்வரை பேசிக்கொண்டு போகலாம். அவரோடு வீட்டுக்குப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் ஓடினேன். வெட்கத்தில் ஓடவில்லை, அழுகை வந்துவிட்டது.

உனக்கு இது வலிக்கும். எழுதும்போது எனக்கும் வலிக்கிறது. இதை எழுத வேறு நல்ல விதம் இருந்தால் நீயே சொல்லிக்கொடு. அறையைக் காலி செய்யாதே. வண்டிக்காரர்களிடம் திரும்பப் பேசு, அவர்கள் உன்னை விடமாட்டார்கள்.

பதினெட்டாம் தேதி வியாழக்கிழமை காலை, சின்யிங் குடும்பப் பதிவு அலுவலகத்துக்கு வா. சாட்சி இரண்டு பேர் வேண்டும். எதிர்க்கடைக் காய்கறிக்காரம்மா ஒருத்தி. இன்னொருவன் ஆ-தோங். "கல்யாணத்துக்கும் நான்தான் சாட்சி, இதுக்கும் நானா? என்னய்யா என் ஜாதகம்" என்று போனில் புலம்பினான். அப்புறம் வருகிறேன் என்றான்.

அன்றைக்கு மதியம் ஹோபியில் ஒரு கல்யாண விருந்து. நல்ல காரியம் செய்யக்கூடாத பேய் மாதம் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று அவசரமாக வைத்திருக்கிறார்கள். பஞ்சாங்கத்தில் பார்த்தேன், கல்யாணத்துக்கு நல்ல நாள் என்று போட்டிருக்கிறது. பிரிவதற்கு நல்லதா கெட்டதா என்று ஒன்றும் போடவில்லை. நம் வயலில் படம் எடுத்ததைக் கேள்விப்பட்டு, மணப்பெண் நேராகக் கடைக்கே வந்துவிட்டாள். அவளுக்கு இருபத்தாறு வயது. அந்தப் பாட்டு வந்தபோது அவள் பிறக்கவே இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உதைக் கட்டத்தை எனக்கே நடித்துக் காட்டினாள். "அக்கா, எங்க கல்யாணத்துல எருமை ஆடணும்க்கா. நெசமான எருமை. வருவீங்களா ரெண்டு பேரும்?" என்றாள்.

தொலைக்காட்சிக்காரர்களிடம் பேசி எருமையை இரவல் வாங்கிவிட்டேன். வருவாயா என்று உன்னைக் கேட்கவில்லை. ரெண்டு பேரும் வருவோம் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

பீயுன்