சின்ன விதைப் பாத்தி

இன்று காலை புங்கவிதை மூட்டையைப் பிரித்தேன். அந்தக் கசந்த எண்ணெய் வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்துவிட்டது. திருவொற்றியூரில் என் வீட்டு மாடியில் இப்போது நான் தனியாகத்தான் விதை பிரிக்கிறேன். கேட்பவர்களுக்கு நாற்று வளர்த்துக் கொடுப்பதுதான் பிழைப்பு.

எண்ணூர் நர்சரிக்கு நீ வந்த முதல் நாள் நினைவிருக்கிறது. நெட்டுக்குப்பத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்தவள் நீ. முகத்துவாரத்தில் மீன் குறைந்துபோய், கூலிக்கு வந்திருந்தாய். நான் பதிவேடு எழுதுகிறவள். விதையைப் பெரிது, நடுத்தரம், சிறிது என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்றேன்.

"மீனக் கூறு கட்ற கை இது. எனுக்கே சொல்லித் தர்றியா?" என்று சிரித்தாய். மதியத்துக்குள் மூட்டை காலியாகிவிட்டது.

ஏன் பிரிக்கிறோம் என்பதை நீ பாத்தியைப் பார்த்தே தெரிந்துகொண்டாய். பெரிய விதை முந்தி முளைத்து, தடித்த தண்டோடு எழும். பக்கத்திலேயே சின்ன விதையைப் போட்டால், அதன் நாற்று நிழலில் சுருங்கிக் கிடக்கும். அதனால் சின்னதுக்கென்று தனிப் பாத்தி போட்டாய். "அத்தத் தூக்கிக் கடாசாத. இன்னொரு மழைக்காலம் இங்கியே இருக்கணும், அவ்ளோதான்" என்பாய். அந்தப் பாத்திக்குத் தண்ணீர் விட வேறு யாரையும் நீ விட்டதில்லை.

அந்த வருடம், அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்த ஒரு வெற்று நிலத்தில் மரம் நட நம் முதலாளி ஒப்பந்தம் எடுத்தார். நட்டு முடிக்க நாள் குறித்தாகிவிட்டது. நல்ல நாற்றுகள் போதவில்லை. "சின்ன விதைப் பாத்தியையும் லாரில ஏத்தும்மா, யாரு பாக்கப் போறா?" என்றார் என்னிடம்.

நீ லாரிக்கு முன்னால் வந்து நின்றாய். "இன்னா பண்றே? தண்டு இன்னும் தடிக்கவே இல்ல. அந்த உப்புலயும் சாம்பல்லயும் வச்சா செத்துப்பூடும். நீதான எழுதுற? இது ஏறாதுன்னு சொல்லு."

நான் சொல்லவில்லை. "போய் வேலயப் பாரு" என்றேன். எல்லாவற்றையும் முதல் தரம் என்று பதிவேட்டில் எழுதினேன்.

கோடையில் எல்லோரும் அந்த நிலத்தைப் போய்ப் பார்த்தோம். பெரிய விதைக் கன்றுகள் இலை உதிர்த்தும் உயிரோடு நின்றன. உன் பாத்தியிலிருந்து போனவை வெறும் குச்சிகளாக இருந்தன. ஒப்பந்தம் கொடுத்தவர்கள் கத்தினார்கள். முதலாளி என் பக்கம் திரும்பி, "விதை பிரிச்சது யாரு?" என்று கேட்டார்.

உன் பெயரைச் சொன்னேன். அது பொய்கூட இல்லை, பிரித்தது நீதானே. அந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால் இன்றும் எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

அங்கேயே உன்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். நீ வாதாடவில்லை. என் அருகில் வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "பதிவேட்டக் காட்டச் சொல்லி நானும் கேக்கலாம். கேட்டா உன் வேல பூடும்" என்றாய். அப்புறம் வெயிலில் நடந்து போய்விட்டாய்.

பிறகு ஒருமுறை கும்மிடிப்பூண்டி ரயிலில் உன்னை மீன் கூடையோடு பார்த்தேன். அடுத்த நிலையத்தில் இறங்கி வேறு பெட்டியில் ஏறிக்கொண்டேன். பேசியிருக்கலாம். நேரம் நிறைய இருக்கிறது என்று நினைத்தேன்.

போன ஐப்பசியில் நீ காய்ச்சலில் போய்விட்டாய் என்று கேள்விப்பட்டு உன் வீட்டுக்கு வந்தேன். உன் வீட்டுக்காரர் நாற்காலி போட்டார்.

"அவ என்னப் பத்தி எதாச்சும் சொன்னாளா?" என்று கேட்டே விட்டேன்.

அவர் யோசித்தார். "நர்சரில வேல செஞ்சேன்னு சொல்லும். ஆளுங்களப் பத்தி ஒண்ணும் சொன்னதில்லம்மா. நீ யாரு?"

நீ திட்டியிருந்தால், நாலு பேரிடம் சொல்லி அழுதிருந்தால், எனக்கு மனபாரம் கொஞ்சமாவது குறைந்திருக்கும். இறுதிவரை எனக்கு அதையும் நீ தரவில்லை.

"கூட வேல செஞ்சவ" என்றேன் அவரிடம். மீதியைச் சொல்லாமலே எழுந்து வந்தேன். இன்னும் அது என்னிடம்தான் இருக்கிறது.