மஸ்கட்டிலிருந்து வரும் வழி

திங்கள், நவ. 10

காலையில் நல்ல மழை. ஒன்பது மணிக்குத் தூறலாகக் குறைந்தது. திருப்பாலைவனத்தருகே சாலையில் கணுக்கால் அளவு நீர், பேருந்து ஊர்ந்தது. பொன்னேரி அலுவலகத்திற்கு நாற்பது நிமிடத் தாமதம். பதிவேட்டில் காரணம் எழுதினேன்.

நேற்று முழுவதும் ஏரிக்கரையில் உள்ள தோணிரேவில், அக்கா வீட்டில். அவளைச் சென்னை மருத்துவமனையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதைத் தாளில் எழுதவில்லை, வாயால் சொன்னார்கள். கஞ்சித் தண்ணீர் இரண்டு கரண்டி. பேச்சு தெளிவு.

அக்காவின் மகன் அந்தோணி மஸ்கட்டில், கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில். மாற்று ஆள் வந்தால்தான் விடுப்பு, இரண்டு வாரமாகுமாம். அக்காவுக்கு இரண்டு வாரம் இல்லை. அவனுக்கும் தெரியும். ஆகவே தினமும் அவனது உணவு இடைவேளையில், இங்கே பகல் 2.45-க்கு, வீடியோ அழைப்பு.

நேற்று படம் உறைந்துவிட்டது. குரல் துண்டு துண்டாக. அக்கா கைபேசியை என்னிடம் நீட்டினாள். "இன்னாடா தம்பி, ஊருக்கெல்லாம் நெட்டு குடுக்குறேன்னு பீத்திக்கிற, எம்புள்ள மூஞ்சி கல்லு மாரி நிக்குது." சிரித்தாள். சிரிப்பு இருமலாயிற்று. இன்றும் அப்படியே என்று அக்கா மகள் ஸ்டெல்லா தொலைபேசியில் சொன்னாள்.

காரணம் கண்டேன். ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களின் இணையம் எங்கள் சிறு நிறுவனத்திலிருந்து இரண்டு வழிகளில் வெளியே போகிறது. வழி அ: சென்னைக்கு, அகலமானது. வழி ஆ: ஆந்திரப் பக்கம், குறுகியது. எது முதலில் என்பது ரௌட்டர்களுக்கு வழி சொல்லும் பி.ஜி.பி. கொள்கையில் எண்ணாக எழுதப்பட்டிருக்கிறது: அ 200, ஆ 100. பெரிய எண் வெல்லும். இப்போது வழி அ-வின் கேபிள் எங்கோ மழைநீரில் ஊறிக் கிடக்கிறது. அதில் போகும் தரவுத் துண்டுகளில் பத்துக்கு இரண்டு தொலைகிறது. முழுவதும் அறுந்திருந்தால் ரௌட்டர் தானாகவே ஆ-வுக்கு மாறியிருக்கும். தொடர்பு இருக்கிறதா என்றுதான் அது பார்க்கும். எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்காது.

அனைத்தையும் ஆ-வுக்குத் தள்ள இயலாது, திணறும். மஸ்கட் முகவரிகளுக்கு மட்டும் ஆ 300 என எழுதலாம். எங்கள் அலுவலக விதி 2: மாற்றங்கள் செவ்வாயன்று மட்டும், இரண்டாமவர் ஒப்புதலுடன். நாளை செவ்வாய். படிவம் நிரப்பினேன். 'பயன்பெறுவோர்' என்ற கட்டத்தில்: தோணிரேவு சந்தாதாரர்கள். பொய்யில்லை.

செவ்வாய், நவ. 11

மேகமூட்டம். மழை இல்லை. குடையை அலுவலகத்தில் மறந்தேன்.

11.20: மாற்றம் செய்தேன். தடம் பார்த்தேன், மஸ்கட்டுக்குப் போவது ஆ வழியாகவே போகிறது. 'நிறைவு' என்று கையெழுத்து. அரைநாள் விடுப்பு. 2.30-க்குத் தோணிரேவு.

2.45: திரையில் அந்தோணியின் நெற்றி, ஒரு காது, பின்னால் காலண்டர். உறைந்தது. குரல் நேற்றைப் போலவே. அக்கா திரையைத் தன் முகத்தருகே கொண்டுபோனாள், பிறகு தள்ளிப் பிடித்தாள், பிறகு ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டாள்.

அழைப்பு முடிந்ததும் அவனிடமிருந்து எழுத்தில் ஒரு செய்தி: "மாமா, அம்மா எதிர்ல உக்காந்துகிற மாரி தெரிஞ்சிது. உதடு காஞ்சி போய்கீது. ஈரப் பஞ்சு வெக்க சொல்லு." உதட்டைப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது.

அப்போதுதான் புரிந்தது. முன்னுரிமை எண் நம்மிடமிருந்து போவதை மட்டுமே ஆளும். மஸ்கட்டிலிருந்து நம்மை நோக்கி வருவது எந்த வழியில் வர வேண்டுமென்பதை வெளியே இருப்பவர்களின் ரௌட்டர்கள், அவர்களுடைய கொள்கைப்படி முடிவு செய்கின்றன. நாம் வேண்டலாம், சாடை காட்டலாம், கட்டளையிட இயலாது. புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் வாரமே நான் சொல்லித் தருவது இது. போன வழியை மட்டும் பார்த்துவிட்டு 'நிறைவு' என்று கையெழுத்திட்டிருக்கிறேன்.

ஸ்டெல்லாவிடம் விளக்கினேன்: அவனுக்கு அம்மா தெரிகிறாள், அம்மாவுக்கு அவன் தெரியவில்லை. "அப்ப பாதிதான் ரிப்பேர் பண்ணிகிறீங்க மாமா" என்றாள். குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. பஞ்சை நனைத்துக்கொண்டிருந்தாள்.

புதன், நவ. 12

கீழ்க்காற்று. ஏரி கலங்கல்.

8.15: தோணிரேவு முகவரிகளை வழி அ-வில் அறிவிக்கும்போது எங்கள் நிறுவனத்தின் வலையமைப்பு எண்ணை மூன்று முறை கூடுதலாகச் சேர்த்தேன். அந்த வழி நீளமாகத் தோன்றும். வெளியே இருப்பவர்கள் குறுகியதைத் தேர்வார்கள் என்ற எதிர்பார்ப்பு. செவ்வாய் மாற்றத்தின் திருத்தம் எனப் பதிந்தேன்.

பயனில்லை. வழி அ தரும் சென்னை நிறுவனம், தன் வாடிக்கையாளரான எங்களின் நேர்வழி எவ்வளவு நீளமானாலும் அதையே எடுக்கும். அதன் கொள்கை. குறை சொல்ல இடமில்லை. நானும் அவ்வாறே எழுதியிருப்பேன்.

எஞ்சியவை:

1. அவர்களே தங்கள் பக்கத்து முன்னுரிமையைக் குறைக்கும்படி வேண்டுதல். அதற்கென ஒரு குறியீடு உண்டு; நமக்குத் திறந்துவிட வேண்டும்.

2. தோணிரேவு முகவரிகளை வழி அ-விலிருந்து அடியோடு திரும்பப் பெறுதல். ஒரே வரி. சில நிமிடங்களில் எங்கிருந்து வந்தாலும் ஆ வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

இரண்டாவது, விதி 4-க்கு விரோதம்: எந்த ஊரும் ஒரே வழியை நம்பி நிற்கலாகாது. அவ்விதியை எழுதியவன் நான். முன்பு ஒருவர் இப்படித் திரும்பப் பெற்றார். அன்றே ஆ அறுந்தது. ஓர் ஊர் பகல் முழுவதும் இணையமின்றி; கடலுக்குப் போனவர்களின் வீடுகளுக்குக் காற்று எச்சரிக்கை வரவில்லை. எல்லோரும் திரும்பினார்கள். அன்று மாலை எழுதிய விதி.

முதலாவதைத் தேர்ந்தேன். சென்னையில் ஒரு பெண் பொறியாளர், பண்பாகப் பேசினார். "டிக்கெட் போட்டாச்சுல்ல சார், அப்ரூவல் வந்துரும். நாளைக்கு, இல்லன்னா நாளன்னிக்கு." அவசரமா என்று கேட்டார். அவசரப் பட்டியலில் சேவை முற்றிலும் நின்றுபோவது மட்டுமே உண்டு. இல்லை என்றேன்.

2.45: நெற்றி. காது.

மாலை. ஸ்டெல்லாவின் கணவன் ஜோசப்புக்கு நாளை பாடு, அதாவது ஏரியில் குறித்த இடத்தில் வலை போடும் முறை. வருடத்திற்குச் சில நாட்களே வரும். ஊர்த் தலைவர் ஈர வேட்டியோடு வாசலில் நின்றபடி, "நீ வூட்ல இரு. நாளைக்கு வேற ஆளு போவட்டும், உன்னுத அடுத்த சுத்துல சேத்துக்கலாம்" என்றார். யாரையும் கேட்கவில்லை. எந்த நோட்டையும் திறக்கவில்லை. அக்காவை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

வியாழன், நவ. 13

வெயில். சென்னையிலிருந்து பதில் இல்லை. மடிக்கணினியுடன் கிளம்பினேன். 2.10-க்குத் தோணிரேவு.

மூச்சுக்கும் மூச்சுக்கும் இடைவெளி. கடிகாரத்தை வைத்து எண்ணினேன். பிறகு எண்ணுவதை நிறுத்தினேன்.

2.45: அழைப்பு. ஸ்டெல்லா திரையை அக்காவின் கண்ணெதிரே பிடித்தாள். காலண்டரும் பாதி நெற்றியும். 'ம்மா' என்று ஒரு துண்டு. பிறகு மௌனம்.

அக்கா கண் திறந்தாள். "பேசுறானா?"

"பேசுறாம்மா. உன்னெதான் பாத்துனுகிறான்."

"எனக்குத் தெரியலியே."

அதுதான் கடைசிப் பேச்சு. ஜோசப் ஜெபம் சொல்லத் தொடங்கினான். 3.05.

திரையில் நெற்றி அசையவில்லை. அவன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டான். அவன் அழுததை நாங்கள் பார்க்கவில்லை, கேட்கவில்லை.

2.45-க்கும் 3.05-க்கும் இடையே இருபது நிமிடம். ஒரே வரி. மடிக்கணினி என் மடியில். திறக்கவில்லை.

வெள்ளி, நவ. 14

வெயில். பிறகு மேகம். பெட்டி, பூ, மெழுகுவர்த்தி, சாமியாருக்கு வண்டி: எல்லாம் ஜோசப் பார்த்துக்கொண்டான். நான் நாற்காலிகளைக் கணக்கிட்டேன், யாரும் கேட்கவில்லை.

குழியில் நீர் ஊறிக்கொண்டே இருந்தது. இரண்டு பேர் பக்கெட்டில் இறைத்தார்கள். எனக்குப் பின்னால் பெண்கள்:

"புள்ள வரல பாத்தியா."

"வரலன்னா இன்னா, போன்ல பாத்துனேதான் இருந்துச்சாம். இவங்க தம்பிதான் எல்லாம் செட்டு பண்ணி குடுத்துச்சாம்."

திரும்பிப் பார்க்கவில்லை.

சனி, நவ. 15

மீண்டும் மழை. விடுப்பு இருந்தும் அலுவலகம் போனேன்.

நேற்று மாலையே சென்னையிலிருந்து மின்னஞ்சல்: குறியீடு திறக்கப்பட்டது. 10.05-க்குப் பயன்படுத்தினேன், மற்ற வீடுகளுக்காக; இதையும் செவ்வாய் மாற்றத்தின் திருத்தம் எனப் பதிந்தேன். மஸ்கட்டில் இவ்வூர்ப் பிள்ளைகள் வேறு பலரும் உண்டு. உடனே வேலை செய்தது. மஸ்கட்டிலிருந்து வருவது ஆ வழியாக வருகிறது. இழப்பு ஏதுமில்லை. 'நிறைவு' என்று எழுதுமுன் இரு பக்கமும் பார்த்தேன்.

பிறகு ஆ-வின் பதிவுகளை எடுத்தேன். திங்கள் முதல் இன்று வரை ஒரு முறையேனும் அறுந்ததா என்று. ஒரு முறைகூட இல்லை. ஒரு வினாடிகூட இல்லை. தாளை அச்சிட்டேன், ஏனென்று தெரியவில்லை. எந்தக் கோப்பில் வைப்பதென்றும் தெரியவில்லை.

மதியம் ஜோசப் வீட்டிற்குச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தான். போனேன். குழம்பில் உப்பு அதிகம், யாரும் சொல்லவில்லை. 2.45-க்கு ஸ்டெல்லாவின் கைபேசி. அவள் எடுக்காமல் என் பக்கம் தள்ளினாள்.

முதல் முறையாக முழு முகம். தாடி வளர்ந்திருந்தது. கண் வீங்கியிருந்தது. குரல் ஒரு சொல்லும் அறுபடாமல்.

"மாமா, கடசி வரிக்கும் அம்மாவ நான் பாத்தேன். அது என்னெப் பாத்துச்சா?"

ஸ்டெல்லா எழுந்து அடுப்பங்கரைக்குப் போனாள்.

"பாத்துச்சுடா" என்றேன். "நல்லா பாத்துச்சு."

அவன் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். நகக் கண்ணில் இருந்த கிரீஸ் வரை தெளிவாகத் தெரிந்தது.