விரலில் ஒரு கட்டு

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நல்ல சுகம்.

இங்கே பற்றரித் தகடுகளுக்குக் கிராஃபீன் என்ற மெல்லிய கரிப்படலம் பூசுகிறோம். பற்றரி கூடக் காலம் உழைக்கும். காற்றுப் படக்கூடாது என்பதால், கண்ணாடிப் பெட்டியில் பொருத்திய தடித்த றப்பர் கையுறைகளுக்குள்தான் நாள் முழுதும் என் கைகள்.

செவ்வாய்க்கிழமை பெட்டிக்கு வெளியே, வெறுங்கையால் தகடுகளுக்கான செப்புத்தாள் வெட்டும்போது விரலில் ஒரு சின்னக் கீறல். பயப்படாதீர்கள். கூட வேலை செய்யும் மன்னார் மேரிசாந்தி அக்கா கையைப் பிடித்துக் கட்டுப் போட்டுவிட்டா. முடிந்த பிறகும் நான் கையை எடுக்கவில்லை.

"நோகுதோ பிள்ளை?" என்று கேட்டா.

"ஓம் அக்கா" என்றேன். நோகவில்லை. லண்டன் வந்த எட்டு மாதத்தில் ஒருவர் என் கையைப் பிடித்தது அன்றுதான்.

யாராவது வந்தால் நல்லெண்ணெய் ஒரு போத்தல் கொடுத்துவிடுங்கள், கை காய்ந்துபோகிறது. பஸ்ஸுக்கு நேரமாகிறது.

உங்கள் மகள்
அஜந்தா

கீறல் ஆறிவிட்டது அம்மா. கட்டைத்தான் இன்னும் அவிழ்க்கவில்லை.